தொய்ந்த பீமுக்கு நடுவில் முட்டுக் கொடுத்தால் தகைவு எவ்வளவு குறையும்?

கேள்வி இதுதான். 6 மீட்டர் பீம் ஒன்று இரண்டு முனைகளில் மட்டும் உட்கார்ந்திருக்கிறது. மேலே சுமை ஏறி, நடுவில் கண்ணுக்குத் தெரியும்படி தொய்ந்திருக்கிறது. நடுவில் ஒரு தூண் கொடுத்தால் தகைவு (பீமின் ஒவ்வொரு சதுர மி.மீ.யும் உள்ளே தாங்கும் விசை) நான்கில் ஒரு பங்காகும் என்று பாடப்புத்தகக் கணக்கு சொல்கிறது. அதை நம்பித் தூண் எழுப்பலாமா?

கணக்கு சரிதான். ஆனால் தூண் முதல் நாளிலிருந்தே அங்கே இருந்தது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. உங்கள் பீமோ ஏற்கெனவே வளைந்து நிற்கிறது. அதன் அடியில் ஒரு தூணைக் கொண்டுபோய்த் தொட்டாற்போல் நிறுத்தினால், அந்த நேரத்தில் பீமுக்குள் இருக்கும் தகைவு கொஞ்சம்கூடக் குறையாது. தூண் ஒரு கிலோ பாரத்தைக்கூட வாங்கியிருக்காது. இனிமேல் ஏறப்போகும் சுமையை மட்டும்தான் அது பங்கு போட்டுக்கொள்ளும். பழைய சுமையையும் தூண் வாங்க வேண்டுமென்றால் இரண்டு வழிதான் உண்டு. ஜாக்கி வைத்துப் பீமை மேலே தள்ளிவிட்டு முட்டுத் தூணை இறுக்க வேண்டும். அல்லது சுமையை இறக்கி, முட்டை இறுக்கி, மறுபடி ஏற்ற வேண்டும். இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் கட்டப்பட்டு, அழகுக்கு மட்டும் நிற்கும் தூண்கள் ஏராளம்.

அப்படி ஒன்றை நானே பார்த்திருக்கிறேன். கீறல் விழுந்த ஒரு கான்கிரீட் பீமுக்கு அடியில் புதிதாகக் கான்கிரீட் தூண் வார்த்திருந்தார்கள். வேலை முடிந்து சில மாதங்களுக்குப் பிறகும் கீறல் அப்படியே இருக்கிறதே என்று என்னைக் கூப்பிட்டார்கள். தூணின் தலையும் பீமின் அடியும் சேரும் இடத்தில் பூச்சைச் சுரண்டிவிட்டு ஒரு தாளை நுழைத்தேன். தடையே இல்லாமல் மறுபக்கம் வந்துவிட்டது. காரணம் எளிது. ஈரக் கான்கிரீட்டில் தண்ணீர் மேலே கசிந்து வரும், கற்கள் கொஞ்சம் கீழே இறங்கும். அதனால் வார்த்த அன்றைக்கே தலைப்பக்கம் மெல்லிய இடைவெளி விழுந்துவிடுகிறது. அப்புறம் காயக் காயச் சுருங்கும். 3 மீட்டர் தூண் ஒரு மி.மீ. அளவுக்குச் சுருங்குவது சாதாரணம். ஆக, அந்தத் தூண் பீமைத் தொடவே இல்லை.

எண்களை வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். 300 மி.மீ. உயரமுள்ள ஒரு இரும்பு ஐ-பீமை எடுத்துக்கொள்வோம். ஸ்பேன், அதாவது தாங்கிகளுக்கு இடையிலான தூரம், 6 மீட்டர். நிலைச்சுமை (எப்போதும் மேலே இருக்கும் எடை) மீட்டருக்கு 12 கிலோநியூட்டன், பயன்பாட்டுச் சுமை (ஆட்கள், சாமான்கள் என வந்து போவது) 8, மொத்தம் 20. ஒரு கிலோநியூட்டன் என்பது சுமார் 100 கிலோ எடை. சீராகப் பரவிய சுமைக்கு நடுவில் வரும் வளைவு மொமென்ட் (பீமை வளைக்கும் திருப்புவிசை), சுமையை ஸ்பேனின் வர்க்கத்தால் பெருக்கி 8-ஆல் வகுத்தால் கிடைக்கும்: 90 கிலோநியூட்டன் மீட்டர். இந்த அளவு பீமில் அது சதுர மி.மீ.க்கு சுமார் 157 நியூட்டன் தகைவு. நிலைச்சுமைக்கு மட்டும் தொய்வு கிட்டத்தட்ட 12 மி.மீ.

இப்போது ஜாக்கி இல்லாமல், தொட்டாற்போல் நடுவில் ஒரு முட்டு. நிலைச்சுமை கொடுத்த 54 கிலோநியூட்டன் மீட்டர் அப்படியே உள்ளே கிடக்கும். புதிதாக ஏறும் 8 மட்டும் இரண்டு 3 மீட்டர் ஸ்பேன்களில் பிரியும். பயன்பாட்டுச் சுமை ஒரு பக்கம் மட்டும் இருந்தாலும், இரண்டு பக்கமும் இருந்தாலும், இல்லாமலே போனாலும், அதிகபட்ச மொமென்ட் 54-ஐ ஒட்டியே நிற்கிறது. தகைவு 157-லிருந்து 94-க்கு வருகிறது. பயனில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எதிர்பார்த்தது இது அல்ல.

அதே பீமின் நடுவை 12 மி.மீ. மேலே தள்ளி, முனைகளின் மட்டத்துக்குக் கொண்டுவந்து முட்டை இறுக்கினால்? அதற்கு ஜாக்கி கொடுக்க வேண்டிய விசை 45 கிலோநியூட்டன், ஏறத்தாழ நாலரை டன். நிலைச்சுமை மொத்தத்தில் எட்டில் ஐந்து பங்கு அது. பிறகு முழுச் சுமையும் ஏறும்போது முட்டின் மேல் 75 கிலோநியூட்டன் வரும். முட்டுக்கு மேலே பீம் எதிர்த்திசையில் வளையும், மொமென்ட் 22.5. இரண்டு ஸ்பேன்களுக்குள் அதிகபட்சம் 12.7. தகைவு 39. பாடப்புத்தகம் சொன்ன நான்கில் ஒரு பங்கு இதுதான். அதைக் கொடுத்தது தூண் மட்டுமல்ல, அந்த 12 மி.மீ. தூக்கலும்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மட்டத்துக்குத் தூக்குவதுதான் சிறந்தது என்றும் இல்லை. முட்டின் தலையை ஒன்றே கால் மி.மீ. தாழ்வாக விட்டால், முழுச் சுமையில் முட்டின் விசை 75-லிருந்து 70-ஆக இறங்கும். அப்போது முட்டுக்கு மேலே வரும் எதிர் மொமென்ட் 15, ஸ்பேனுக்குள் வருவது 15.6. இரண்டும் சமமாகி, தகைவு 27-க்கு வந்துவிடுகிறது. ஒரு மி.மீ.க்கு இவ்வளவு வித்தியாசம். இந்தப் பீமில் நடு ஒரு மி.மீ. ஏறினாலோ இறங்கினாலோ முட்டின் விசை 3.8 கிலோநியூட்டன் மாறுகிறது. முட்டுக் கொடுக்கும் வேலையில் டயல் கேஜ் (மிகச் சிறிய நகர்வையும் முள்ளால் காட்டும் கருவி) வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு இதுவே காரணம். நூல் கட்டிக் கண்ணால் பார்த்துச் செய்யும் வேலை இல்லை இது.

இதுவரை சொன்னது இரும்புக்கு. கான்கிரீட் பீம் என்றால் கதை வேறு, அதிலும் ஆபத்து அதிகம். இரண்டு முனைகளில் உட்கார்ந்த கான்கிரீட் பீமில் நடுப்பகுதியின் முக்கியக் கம்பிகள் எல்லாம் அடியில் இருக்கும், ஏனென்றால் அங்கே இழுவை அடிப்பக்கம்தான். மேலே இருப்பவை ரிங்கை (கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையத்தை) பிடித்து நிறுத்தப் போட்ட இரண்டு மெல்லிய கம்பிகள். நடுவில் தூண் கொடுத்துப் பலமாகத் தூக்கினால், தூணுக்கு நேர் மேலே இழுவை மேல்பக்கத்துக்கு மாறிவிடும். அங்கே கம்பி இல்லை. பீம் மேலிருந்து கீழாகப் பிளக்க ஆரம்பிக்கும். தளத்தின் மேல் டைல்ஸோ மணலோ இருந்தால் அந்தக் கீறல் யார் கண்ணிலும் படாது. கீழே பழைய கீறல் மூடிக்கொண்டதைப் பார்த்து எல்லோரும் சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்பார்கள்.

அதனால் கான்கிரீட்டில் என் வழி இது: நடுவில் மொமென்டைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவா, அதற்கு மேல் போகாதே. அதே சுமைகளை வைத்துச் சொல்கிறேன். விசைக் கணக்கு அப்படியே பொருந்தும், மி.மீ. கணக்கு மட்டும் பீமின் விறைப்பைப் பொறுத்து மாறும். பயன்பாட்டுச் சுமை முழுவதும் ஏறும்போது முட்டுக்கு மேலே 9 அளவுக்கு எதிர் மொமென்ட் வரும். ஆகவே ஜாக்கி விடும்போது நிலைச்சுமையின் 54-ல் 9-ஐ மீதம் வைக்க வேண்டும். அதற்கு 45 அல்ல, 30 கிலோநியூட்டன் போதும். பிறகு முழுச் சுமை ஏறினால் முட்டின் விசை 60 ஆகும், முட்டுக்கு மேலே மொமென்ட் பூஜ்யம், இரண்டு ஸ்பேன்களிலும் 22.5. பயன்பாட்டுச் சுமை ஒரு பக்கம் மட்டும் இருந்தால் அந்தப் பக்கம் 25-ஐத் தொடும், அவ்வளவுதான். 90 இருந்த இடத்தில் 25, அதுவும் மேல்பக்கம் இழுவையே இல்லாமல். கான்கிரீட் பீமுக்கு இதைவிட நல்ல பேரம் கிடையாது. மேலே கூடுதல் கம்பி பதித்தோ கார்பன் நார்ப் பட்டை ஒட்டியோ எதிர் மொமென்டைத் தாங்கவைக்க முடியும் என்றால் மட்டுமே இன்னும் தூக்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

வயது குறைந்த கான்கிரீட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. தொடர்ந்து சுமையில் இருக்கும் கான்கிரீட் மெல்ல மெல்லத் தளர்ந்து வளையும், க்ரீப் என்பார்கள். கட்டி ஓரிரு வருடமே ஆன பீமுக்குத் தொட்டாற்போல் முட்டு வைத்தால்கூட, மாதங்கள் போகப் போக பீம் அதன்மேல் சாய்ந்து, முட்டின் விசை தானாக ஏறும். முதல் நாளிலிருந்தே தூண் இருந்திருந்தால் என்ன விசை வந்திருக்குமோ, அதை நோக்கிப் போகும். நாம் கணக்காக 30-ல் நிறுத்தினாலும் அது அங்கேயே நிற்காது. பழைய கட்டடத்தில் தளர வேண்டியது பெரும்பாலும் தளர்ந்து முடிந்திருக்கும், அதனால் இந்தக் கவலை குறைவு.

ஷியரையும், அதாவது பீமைக் குறுக்கே வெட்டப் பார்க்கும் விசையையும், மறக்கக் கூடாது. முன்பு இரண்டு முனைகளிலும் 60 கிலோநியூட்டன், நடுவில் பூஜ்யம். அதனால்தான் முனைப்பக்கம் ரிங் நெருக்கமாகவும் நடுவில் தள்ளித் தள்ளியும் கட்டியிருப்பார்கள். இப்போது முட்டுக்கு இரண்டு பக்கமும் 30 வந்து நிற்கிறது, ரிங் அகலமாக இருக்கும் அதே இடத்தில். அந்த ரிங் இடைவெளிக்கு இது தாங்குமா என்று தனியாகச் சரிபார்க்க வேண்டும்.

எங்கே கீறல் இருக்கிறது என்று முதலில் பார்க்கச் சொல்வதும் இதற்காகத்தான். நடுவில் அடியிலிருந்து செங்குத்தாக மேலே ஏறும் கீறல் வளைவால் வந்தது, அதற்கு நடு முட்டு நல்ல மருந்து. முனைக்கு அருகே சாய்வாக ஓடும் கீறல் ஷியரால் வந்தது. தூக்கி வைத்த முட்டு முனையின் ஷியரை ஏறத்தாழ பாதிக்கோ அதைவிடக் கீழேயோ கொண்டுவரும். தொட்டாற்போல் வைத்ததோ 60-ஐ 45-க்குத்தான் இறக்கும். அப்படிப்பட்ட இடத்தில் முட்டை முனைப்பக்கமே, அந்தச் சாய்வுக் கீறலுக்கு உட்புறமாக வைப்பது புத்திசாலித்தனம். கம்பி ஓடும் திசையிலேயே நீளமாகக் கீறி, துருக்கறை தெரிந்தால் பிரச்சினை சுமையில் இல்லை, கம்பியில். முட்டு நேரம் வாங்கித் தரும், அவ்வளவே.

இரும்பு பீமில் மேலே கீழே இரண்டு ஃபிளாஞ்சும் (படுக்கையாக உள்ள தகடுகள்) ஒரே அளவு என்பதால் எதிர் மொமென்டைப் பற்றிப் பயமில்லை. ஆனால் இதுவரை இழுவையில் இருந்த கீழ் ஃபிளாஞ்ச், முட்டுக்கு அருகே அழுத்தத்துக்கு மாறுகிறது. மேல் ஃபிளாஞ்சைத் தளம் பிடித்துக்கொண்டிருக்கும், கீழ் ஃபிளாஞ்சைப் பிடிக்க யாருமில்லை. அது பக்கவாட்டில் நெளியப் பார்க்கும், முட்டின் தலையையும் சேர்த்து நழுவ விடும். அங்கே பக்கவாட்டுப் பிடிப்புக் கட்டாயம். 75 கிலோநியூட்டனும் ஒரே இடத்தில் குத்துவதால் நடுத்தகடு மடங்காமல் இருக்க, முட்டுக்கு நேர் மேலே இரண்டு பக்கமும் செங்குத்துத் தகடுகளை வெல்டு செய்ய வேண்டும். மரத்தில் இதே இடத்தில் வேறு தொல்லை. மரம் நாரின் குறுக்கே அழுத்தத்தை மிகக் குறைவாகத்தான் தாங்கும், மெல்லிய கம்பம் உள்ளே அமிழ்ந்துவிடும். அகலமான தகடு வையுங்கள். பல வருடம் தொய்ந்த மர உத்தரத்தை ஒரே நாளில் நேராக்க நினைக்காதீர்கள், அது முழுதாக நிமிராது. வற்புறுத்தினால் மூட்டுகள்தான் பிடுங்கிக்கொண்டு வரும்.

முட்டின் தலையைப் பற்றி இவ்வளவு பேசினேன். பாதி வேலை அதன் காலடியில் இருக்கிறது. 75 கிலோநியூட்டன் என்பது ஏழரை டன். மண்ணின் தாங்குதிறன் சதுர மீட்டருக்கு 150 கிலோநியூட்டன் என்றால், 71 செ.மீ. சதுரத்துக்குக் குறையாத அடித்தளம் வேண்டும். தரைக் கான்கிரீட்டின் மேல் ஒரு தகட்டைப் போட்டு நிறுத்தினால் தரை துளைத்துக்கொண்டு இறங்கும். மி.மீ.க்கு 3.8 என்றேனே, 5 மி.மீ. அமிழ்ந்தால் 19 கிலோநியூட்டன் பாரம் மறுபடி பீமிடமே போய்ச் சேரும்.

மாடிக் கட்டடத்தில் இன்னொரு தவறு அடிக்கடி நடக்கிறது. மேல்தளப் பீமுக்குக் கொடுத்த முட்டின் கால், கீழ்த்தளப் பீமின் நடுவில் நிற்கும். இரண்டும் ஒரே விறைப்பு என்றால், கீழே உள்ளதும் சேர்ந்து தொய்வதால் முட்டு வாங்க வேண்டிய விசையில் பாதிதான் வாங்கும். நம் உதாரணத்தில் 8 கிலோநியூட்டன் பயன்பாட்டுச் சுமைக்கு, 30-க்குப் பதில் 15. மேல் பீமின் மொமென்ட் 22.5 குறையும், அதே 22.5 கீழ் பீமில் கூடும். அந்தக் கீழ் பீமில் அவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறதா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். முட்டை ஒவ்வொரு தளமாகக் கீழே அஸ்திவாரம் வரை இறக்கிக்கொண்டு போவதுதான் முறை.

தாங்கி கூடினால் பாதுகாப்புக் கூடும் என்ற நம்பிக்கை எவ்வளவு பழையது என்பதற்கு கலிலியோ ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார், 1638-ல் வெளிவந்த நூலில். பெரிய பளிங்குத் தூண் ஒன்றைக் கிடைமட்டமாக, முனைக்கு ஒன்றாக இரண்டு மரத் துண்டுகளின் மேல் படுக்க வைத்திருந்தார்கள். தன் எடையாலேயே நடுவில் உடைந்துவிடக் கூடாதே என்று ஒருவர் நடுவிலும் ஒரு தாங்கி வைக்கச் சொன்னார். எல்லோருக்கும் நல்ல யோசனையாகப் பட்டது. சில மாதங்கள் கழித்துப் பார்த்தால், அந்தப் புதிய தாங்கிக்கு நேர் மேலேயே தூண் விரிந்து கிடந்தது. முனையில் இருந்த பழைய மரம் ஒன்று உளுத்து அமிழ்ந்துவிட்டது, நடுவில் வைத்தது மட்டும் அசையவில்லை. பாதித் தூண் அந்தரத்தில் தொங்கியிருக்கிறது. இரண்டு தாங்கிகள் மட்டும் இருந்திருந்தால் ஒன்று அமிழ்ந்தாலும் கல் அதோடு சேர்ந்து சாய்ந்திருக்கும், உடைந்திருக்காது. மூன்றாவது தாங்கி வந்ததுமே மூன்றின் மட்டமும் ஒன்றையொன்று சார்ந்ததாகிவிடுகிறது. ஆகவே புதுத் தாங்கிக்கு அஸ்திவாரம் பார்க்கும்போது பழைய இரண்டு முனைகளின் நிலையையும் பாருங்கள்.

கேன்டிலீவர் பால்கனியின் (சுவர்ப்பக்கம் மட்டும் பிடிப்புள்ள பால்கனியின்) நுனியில் தூண் வைப்பவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். முழுமையாகத் தூக்கி வைத்தால் சுவர்ப்பக்க மொமென்ட் நான்கில் ஒரு பங்காகிறது, நுனித் தூண் மொத்தச் சுமையில் எட்டில் மூன்று பங்கை வாங்குகிறது. ஆனால் கேன்டிலீவரில் முக்கியக் கம்பி மேலே இருக்கும். நுனியைத் தாங்கியதும் நடுப்பகுதி அடிப்பக்கம் இழுவைக்கு வரும், அங்கே பெயருக்குத்தான் கம்பி. இங்கேயும் அளவாகத் தூக்குவதே வழி.

நடுவில் தூண் வைக்கவே இடமில்லை என்றால், பக்கத்துத் தூண்களிலிருந்து சாய்வாக இரண்டு கைகள் கொடுத்து ஸ்பேனைக் குறைக்கலாம். அந்தக் கைகள் தூண்களைப் பக்கவாட்டில் தள்ளும் என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். பீமுக்கு அடியில் ஒரு குட்டைக் கம்பமும் அதைத் தாங்கி முனைகளுக்கு ஓடும் இழுகம்பியும் வைப்பது எனக்குப் பிடித்த வழி. தரையில் எதுவும் நிற்காது, இழுகம்பியை முறுக்க முறுக்கத் தூக்குவிசையும் கூடும், ஜாக்கி வேலையும் அதிலேயே முடிந்துவிடும்.

சரி, வேலை நாளைப் பற்றி. கணக்கு முடியும் வரை காத்திருக்க முடியாத நிலை, அதாவது கீறல் விரிந்துகொண்டே போகிறது என்றால், திருகு முட்டுகளைக் கையால் இறுகும் வரை மட்டும் இறுக்கி நிறுத்துங்கள், தூக்காதீர்கள். எடுக்கக்கூடிய சுமையை எல்லாம் மேலிருந்து எடுத்துவிடுங்கள். பிறகு ஒரு கட்டமைப்புப் பொறியாளர் கம்பி எங்கே எவ்வளவு இருக்கிறது என்று கண்டறிந்து, எத்தனை கிலோநியூட்டன், எத்தனை மி.மீ. என்று இரண்டையும் எழுதித் தர வேண்டும். ஜாக்கியின் அழுத்தமானி விசையைச் சொல்லும். பிஸ்டன் பரப்பு 20 சதுர செ.மீ. என்றால் 45 கிலோநியூட்டனுக்கு 225 பார். டயல் கேஜ் நகர்வைச் சொல்லும். இரண்டில் எது முதலில் வந்தாலும் அங்கே நிறுத்த வேண்டும். விசை ஏறிக்கொண்டே இருக்க, முள் நகராமல் நின்றால் பீம் எங்கோ சிக்கியிருக்கிறது. முள் சரசரவென்று ஓடினால் எதுவோ விட்டுக்கொடுக்கிறது. அரை மி.மீ. ஏற்றுங்கள், பத்து நிமிடம் நில்லுங்கள், மேலே உள்ள சுவரில் பூச்சு பொரிகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள், பிறகு அடுத்த அரை.

அளவு வந்ததும் ஜாக்கியை உடனே இறக்கிவிடாதீர்கள். புதுத் தூணின் தலைக்கும் பீமின் அடிக்கும் இடையே 25 முதல் 50 மி.மீ. வரை விட்டிருக்க வேண்டும். அதில் தகடுகளை அடுக்கி, இரண்டு பக்கமிருந்தும் எஃகு ஆப்புகளை எதிரெதிராக அடித்து இறுக்கி, அப்புறம் ஜாக்கியை மெல்ல விடுங்கள். விடும்போது முள் எவ்வளவு திரும்பி இறங்குகிறது என்று பாருங்கள். ஒரு மி.மீ. இறங்கினால் மறுபடி ஏற்றி இன்னொரு தகடு போட வேண்டும். இரண்டு வாரம் கழித்து ஒரு முறை, ஒரு மாதம் கழித்து ஒரு முறை ஆப்பைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் பாரம் அதன்மேல் இருக்கிறது. மொத்தையாகக் கேட்டால் அடித்தளம் அமிழ்ந்திருக்கிறது, மறுபடி ஜாக்கி வைத்து இறுக்குங்கள். இரண்டு முறை தொடர்ந்து அசையாமல் இருந்த பிறகே ஆப்புகளை வெல்டு செய்து, சுருங்காத கிரவுட் (நிரப்பும் சிமென்ட் கலவை) போட்டு அந்த இடைவெளியை மூடுங்கள்.